வங்கதேசத்துச் சட்டையும் வறுமைக் கணக்கும்

1978-இல் டாக்காவில் ஒருவர் அமெரிக்காவுக்குச் சட்டை விற்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். நாட்டில் பருத்தி விளைச்சல் பெயரளவுக்குத்தான். அயல்நாட்டுக் கடைகளுக்கு ஏற்ற துணியை நெய்யும் ஆலை கிடையாது. துணி, பொத்தான், காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், லேபிள் என்று எல்லாமே கப்பலில் வர வேண்டும். அவற்றை வாங்க டாலர் வேண்டும்; டாலர் அரசாங்கத்திடமே அரிது. எப்படியோ வாங்கிவிட்டாலும் சிட்டகாங் துறைமுகத்தில் இறக்குமதி வரி கட்டியாக வேண்டும். தைக்க ஆள்? தெருமுனைத் தையல்காரர் இருந்தார். ஆனால் ஒரே அளவில், ஒரே தையலில் பத்தாயிரம் சட்டையைக் குறித்த தேதிக்குள் முடித்துக்கொடுத்த அனுபவம் அநேகமாக யாருக்கும் இல்லை.

1971 போரும் 1974 பஞ்சமும் நாட்டை உலுக்கியிருந்தன. ஏற்றுமதி என்றால் சணலும் சணல் சாக்கும்தான். உலகமோ பிளாஸ்டிக் சாக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு உதவியில்தான் காலம் தள்ளும் என்று பலரும் கைகழுவிவிட்ட அந்த நாடு, இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த இடத்துக்குப் போட்டியிடுகிறது. 2021-22 நிதியாண்டில் அது விற்ற ஆடையின் மதிப்பு சுமார் 4,260 கோடி டாலர். மொத்த ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். நாட்டின் சொந்த வறுமைக் கோட்டை வைத்துப் பார்த்தால், 1991-92-இல் மக்களில் 56.7 சதவீதம் பேர் ஏழைகள். 2010-இல் அது 31.5 சதவீதம், 2022-இல் 18.7.

வணிகத்தால் வறுமை தீருமா என்ற விவாதத்தில் இரு தரப்பும் வங்கதேசத்தையே சாட்சிக்கு அழைக்கின்றன. சந்தையை நம்புபவர்கள் மேலே உள்ள எண்களைக் காட்டுவார்கள்; நம்பாதவர்கள் 2013-இல் ஆடைத் தொழிலாளர்கள் மீது இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தின் இடிபாட்டைக் காட்டுவார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே கதையின் பகுதிகள். வணிகம் அங்கே வேலையைக் கொடுத்தது. அந்த வேலைக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்பதையும் வணிகமே பார்த்துக்கொள்ளும் என்று விட்ட இடத்தில் எல்லாம் தொழிலாளி தோற்றார். இதுதான் என் வாதம். இதை நிறுவ, பெரிய தத்துவங்களை விட்டுவிட்டுச் சில ஒப்பந்தங்களையும் வங்கிக் காகிதங்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

பூசானுக்குப் போன 130 பேர்

நூருல் காதர் ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்தவர். 1971 விடுதலைப் போரில் பங்கெடுத்தவர். தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு 1978 ஜூலையில் ஓர் ஒப்பந்தம் செய்து, தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். தேவூவுக்கு வங்கதேசத்தின் மீது தனிப்பட்ட பரிவு எதுவும் இல்லை. அதன் தலைவர் கிம் வூ-சூங்குக்கு வேறொரு நெருக்கடி இருந்தது.

1974-இல் நடைமுறைக்கு வந்த மல்டி ஃபைபர் ஒப்பந்தத்தின்படி, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை உள்ளே வரலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்தன. நோக்கம் ஒளிவுமறைவானது அல்ல. தங்கள் ஊர் ஆலைகளைக் காப்பாற்றுவதுதான். கொரியாவின் கோட்டா நிரம்பிக்கொண்டிருந்தது. எத்தனை நன்றாகத் தைத்தாலும் அதற்கு மேல் விற்க முடியாது. கோட்டாவே இல்லாத ஒரு நாட்டில் தைத்தால் அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆடை ஏற்றுமதியே அநேகமாக இல்லாத வங்கதேசத்துக்கு யாரும் கோட்டா வைத்திருக்கவில்லை. ஏழைகளைத் தடுக்கப் போட்ட வேலி, அவர்களிலும் ஏழையான ஒரு நாட்டுக்கு வாசலைத் திறந்துவிட்டது. இப்படியொரு விளைவை அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேஷ் கம்பெனி 130 பேரை 1979-இல் பூசானில் இருந்த தேவூ ஆலைக்கு அனுப்பியது. ஆறு மாதப் பயிற்சி. திரும்பி வந்து 1980-இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு விற்றது 43,000 சட்டைகள். வருமானம் சுமார் 55,000 டாலர். கொரியாவின் அளவுகோலில் இது சில்லறைக் காசு. அடுத்த ஆண்டே தேவூவோடு இருந்த கூட்டை நூருல் காதர் முறித்துக்கொண்டார். 1987-இல் அந்த ஒரே கம்பெனி 23 லட்சம் சட்டைகளை விற்றது.

ஆனால் கதையின் முக்கியமான எண் அதுவல்ல. பூசானுக்குப் போன 130 பேரில் 115 பேர் 1980-களின் பிற்பகுதிக்குள் தேஷை விட்டு விலகியிருந்தார்கள். சிலர் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சிலரைப் புதிய கம்பெனிகள் கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டன. உலக வங்கியில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் வில்லியம் ஈஸ்டர்லி, அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கசிவதற்கான எடுத்துக்காட்டாக இதை எழுதிப் புகழ்பெறச் செய்தார். அவர்கள் கொண்டுபோனது தையல் வித்தையை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சட்டையை எத்தனை வேலைகளாகப் பிரிப்பது, எந்த மெஷினுக்குப் பிறகு எந்த மெஷினைப் போடுவது, மணிக்கு எத்தனை பீஸ் வந்தால் கப்பலைப் பிடிக்கலாம், வாங்குபவரின் ஆள் செக்கிங்குக்கு வரும்போது எதைப் பார்ப்பார், நியூயார்க்கில் யாருக்கு மாதிரி அனுப்ப வேண்டும் என்று முழுத் தொழிலையும் தலைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். தேஷுக்கு அது நஷ்டம். நாட்டுக்கு, எந்த அரசுத் திட்டமும் இவ்வளவு மலிவாகக் கொடுத்திருக்க முடியாத தொழிற்கல்வி.

முதலில்லாதவருக்கு உதவிய இரண்டு ஏற்பாடுகள்

தொழில் தெரிந்தவர்கள் பரவினார்கள், சரி. துணி வாங்க அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வளர்ச்சி பற்றிய நூல்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்குக்காக, அமெரிக்கக் கடைக்காரர் ஒருவர் 1 லட்சம் டாலருக்குச் சட்டை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வங்கி ஓர் எல்.சி. திறக்கிறது. குறித்த தேதியில் சரக்கைக் கப்பலேற்றி ஆவணங்களைக் காட்டினால் பணம் உண்டு என்று வங்கி தரும் உறுதி அது. டாக்காவில் உள்ள ஆடைக் கம்பெனிக்காரர் அதைத் தன் வங்கியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அதைப் பிணையாக வைத்துக்கொண்டு அந்த வங்கி, கொரியாவில் உள்ள துணி வியாபாரியின் பெயருக்கு 70,000 டாலருக்கு இன்னோர் எல்.சி. திறக்கிறது. பணம் இப்போதே தர வேண்டியதில்லை; சில மாதத் தவணை. இதற்குப் பேக் டு பேக் எல்.சி. என்று பெயர்; திருப்பூரில் ஏற்றுமதி செய்பவர்களுக்கும் பழக்கமானதுதான். துணி சிட்டகாங்கில் இறங்கியதும் வரி கட்டாமலே பாண்டட் வேர்ஹவுஸ் என்ற சுங்கக் கண்காணிப்புக் கிடங்குக்குப் போகிறது. எவ்வளவு துணி வந்தது, அதில் எத்தனை சட்டை வெளியே போனது என்று பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தைத்துக் கப்பலேற்றியதும் அமெரிக்கப் பணம் வருகிறது. வங்கி துணிக்காரருக்கு உரியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பெனிக்காரர் கணக்கில் வரவு வைக்கிறது.

இந்த இரண்டு ஏற்பாடுகளும் சேர்ந்தபோது, ஒரு கம்பெனி தொடங்கத் தேவைப்பட்ட முதலீடு, தையல் மெஷின்களின் விலையும், ஒரு மாடியின் வாடகையும், ஓரிரு மாதச் சம்பளமும் என்று சுருங்கிவிட்டது. நிலமோ பரம்பரைச் சொத்தோ பெரிதாக இல்லாத நடுத்தரக் குடும்பத்து ஆட்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், பூசானிலிருந்து திரும்பியவர்கள் என்று பலரும் இறங்க முடிந்தது. 1983-84-இல் ஆடை ஏற்றுமதி சுமார் 3.2 கோடி டாலர்தான். மொத்த ஏற்றுமதியில் 4 சதவீதத்தைத் தொடவில்லை. அடுத்த 20 ஆண்டுகளில் சணல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அரசு ஒதுங்கிக்கொண்டதால் இத்தொழில் வளர்ந்தது என்று சிலர் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. சுங்கத்துறையும் மத்திய வங்கியும் விதியை மாற்றி எழுதாமல் இருந்திருந்தால் ஒரு கப்பல்கூடக் கிளம்பியிருக்காது. இதே வங்கதேசம் உலகத்துக்கு அறிமுகமானது கிராமின் வங்கியின் சிறுகடன் மூலம். 2006-இல் அதற்கும் முகமது யூனுஸுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சிறுகடன் பல குடும்பங்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு உதவியது. ஆனால் 2015-இல் ஆறு நாடுகளின் கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அது வருமானத்தை உயர்த்தி மக்களை வறுமையிலிருந்து மீட்டதற்கான சான்று மெலிதாகவே இருந்தது. ஏழைக்குக் கடன் கொடுத்துத் தொழிலதிபர் ஆக்கும் யோசனை மேடைக்கு எடுப்பாக இருக்கிறது. மாதச் சம்பளம் தரும் வேலை அதைவிடப் பலருக்கு உதவியிருக்கிறது. கிடங்குப் பதிவேட்டுக்கு யாரும் நோபல் தருவதில்லை.

இதே ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் இருந்தது. குறைந்த முதலில் தொடங்க முடிந்ததால், கடைக்கும் குடியிருப்புக்கும் கட்டிய மாடிகளிலெல்லாம் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஏறின. அதன் விலை பின்னால் தெரிந்தது.

மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள்

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். கல்யாணம் ஆகும் முன்போ, கணவன் கைவிட்ட பிறகோ பேருந்து ஏறி டாக்காவுக்கும் காஜிப்பூருக்கும் நாராயண்கஞ்சுக்கும் வந்தார்கள். முதலில் ஹெல்ப்பர் வேலை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடிக்குச் சேர்வதைப் போன்றது. பிசிறு வெட்டுவது, பீஸை எடுத்துக்கொடுப்பது, ஆபரேட்டர் சாப்பிடப் போகும்போது மெஷினைத் தொட்டுப் பார்ப்பது. சில மாதங்களில் கை பழகிவிட்டால் ஆபரேட்டர். வரிசையின் தலைப்பில் ஒரு பலகை தொங்கும். அதில் மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கும், உண்மையில் முடிந்ததும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சூப்பர்வைசரின் குரலும் கூடும். எட்டு பேருக்கு ஒரு குளியலறை உள்ள தகர வீட்டில் வாசம். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம். முன்பு ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். 2011-இல் பிகாஷ் என்ற கைபேசிப் பணச்சேவை வந்த பிறகு கைபேசியிலேயே அனுப்புகிறார்கள்.

அந்தப் பணம் ஊரில் என்ன செய்தது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. ரேச்சல் ஹீத், அகமது முஷ்ஃபிக் மொபாரக் இருவரும் டாக்காவைச் சுற்றியுள்ள 60 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 44 கிராமங்கள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் தொலைவில் இருந்தவை. 16 அப்படி இல்லாதவை. தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களின் கல்யாண வயதும் முதல் குழந்தை பெறும் வயதும் தள்ளிப்போயிருந்தன. வேலைக்குப் போகும் வயது வராத சிறுமிகள் பள்ளியில் கூடுதல் காலம் தங்கினார்கள். அளவு குறிக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்தவருக்குச் சம்பளம் கூட என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. படிப்புக்குப் பலன் கண்ணெதிரே இருந்ததால் பெற்றோர் படிக்க வைத்தார்கள்.

நைலா கபீர் 2000-இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டிய முரண் இன்னும் சுவையானது. லண்டனுக்குக் குடியேறிய வங்காளப் பெண்கள், அங்கே தையல் வேலையை வீட்டுக்குள் அடைந்து கிடந்தபடி துண்டுக்கூலிக்குச் செய்தார்கள். பர்தா வழக்கம் ஊறிய டாக்காவில் அதே சமூகத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் நடந்து தொழிற்சாலைக்குப் போனார்கள். பண்பாடு பெண்களை வெளியே விடாது என்ற விளக்கத்தை இது பலவீனமாக்குகிறது. எந்த வேலை, எங்கே, யாரோடு சேர்ந்து கிடைக்கிறது என்பதைப் பொறுத்துக் குடும்பங்கள் தங்கள் வழக்கங்களோடு பேரம் பேசுகின்றன.

இத்தொழிலில் இருப்பவர் சுமார் 40 லட்சம் பேர். 17 கோடி மக்கள் உள்ள நாட்டில் வறுமை குறைந்ததன் பெருமை முழுவதையும் இவர்கள் தலையில் ஏற்ற முடியாது. போரோ என்ற பாசன நெல்லும் ஆழ்துளைக் கிணறும் விளைச்சலைக் கூட்டின. வளைகுடா நாடுகளுக்குப் போன ஆண்கள் பணம் அனுப்பினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் பிராக் போன்ற அமைப்புகளின் பள்ளிகளும் தங்கள் பங்கைச் செய்தன. ஆனாலும் நிலமில்லாத குடும்பத்துப் பெண்ணின் கைக்கு மாதாமாதம் ரொக்கமாக ஒரு தொகையை வேறெந்தத் தொழிலும் இந்த அளவில் கொண்டுவரவில்லை.

இந்த வேலை போனால் என்ன ஆகும் என்பதை 1990-களின் தொடக்கம் காட்டியது. குழந்தைகள் தைத்த பொருளை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதாவை அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. பயமே போதுமானதாக இருந்தது. முதலாளிகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளியேற்றினார்கள் என்றும், அவர்களில் பலர் பள்ளிக்குப் போகாமல் கல் உடைக்கவும் அதைவிட மோசமான பிழைப்புக்கும் போனார்கள் என்றும் யூனிசெஃப் பின்னர் பதிவு செய்தது. 1995-இல் முதலாளிகள் சங்கமும் யூனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான், வேலையிலிருந்து எடுக்கும் குழந்தைக்குப் பள்ளியும் மாத உதவித்தொகையும் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. தைப்பதைத் தடுப்பது சுலபம். தைக்காத குழந்தை எங்கே போகும் என்று கேட்பதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

சாவரில் விழுந்த கட்டடம்

2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் ஏற்றப்பட்டவை. கட்டடம் கனத்த மெஷின்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் கட்டப்பட்டதல்ல. விரிசலைப் பார்த்த பொறியாளர் காலி செய்யச் சொன்னார். வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, கடைகள் அடைக்கப்பட்டன. தையல் தொழிலாளர்களை மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்ற மிரட்டலும் இருந்தது. மின்சாரம் போய் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயமடைந்தார்கள். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் தஸ்ரீன் தொழிற்சாலைத் தீயில் 112 பேர் இறந்திருந்தார்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் பிழைத்ததும் தையல்காரப் பெண் இறந்ததும் யாரால் மறுத்துச் சொல்ல முடிந்தது என்பதன் கணக்கு. அந்த ஐந்து தொழிற்சாலைகளிலும் தொழிற்சங்கம் இல்லை. சங்கம் இருந்திருந்தால் ஒரு காலைப்பொழுது வேலைநிறுத்தத்தோடு கட்டடம் ஆளில்லாமல் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாடம் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு வெளிநாட்டு நிறுவனமும் தன் சொந்த ஒழுக்க விதிகளை வைத்துக்கொண்டு, தானே ஆளனுப்பிச் சோதித்து வந்தது. ராணா பிளாசாவிலிருந்த சில தொழிற்சாலைகளும் அத்தகைய சோதனைகளில் தேறியவைதான். 2013 மே மாதம் கையெழுத்தான அக்கார்டு வேறு வகை. அது நிறுவனங்களும் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் செய்த, நீதிமன்றம் வரை போகக்கூடிய ஒப்பந்தம். 1,600-க்கும் அதிகமான தொழிற்சாலைகளைச் சுயேச்சையான பொறியாளர்கள் சோதித்தார்கள். அறிக்கைகள் பெயரோடு பொதுவில் வந்தன. சரிசெய்ய மறுத்த தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் உள்ள எந்த நிறுவனமும் ஆர்டர் தரக் கூடாது. தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, பூட்டிய வாசல்கள் திறந்தன, தூண்கள் பலப்படுத்தப்பட்டன. ஏற்றுமதி ஆடைத் தொழிலில் அந்த அளவு விபத்து பிறகு நடக்கவில்லை. 2021-இல் ரூப்கஞ்சில் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த ஒரு ஜூஸ் தொழிற்சாலை எரிந்தபோது வாசல் பூட்டியிருந்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாடு, அதே சட்டம், அதே ஆய்வாளர்கள். வித்தியாசம் அந்தக் கையெழுத்து.

பாதுகாப்பில் நடந்தது கூலியில் நடக்கவில்லை. குறைந்தபட்ச மாதக் கூலி 1994-இல் 930 டாக்கா. பன்னிரண்டு ஆண்டுகள் அது அசையவில்லை. 2006-இல் தொழிலாளர் கொந்தளித்த பிறகு 1,662 டாக்கா. 2010-இல் 3,000, 2013-இல் 5,300, 2018-இல் 8,000, 2023 டிசம்பரில் 12,500. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மறியலும் தடியடியும் இருக்கின்றன. 2023-இல் தொழிலாளர்கள் கேட்டது 23,000. கிடைத்தது அன்றைய மதிப்பில் சுமார் 113 டாலர். அந்தப் போராட்டத்தில் உயிர்கள் போயின. ஏற்றுமதி வளர்ந்த வேகத்தில் கூலி தானாக வளரவில்லை.

முதலாளிகளின் பேராசை மட்டும் காரணம் என்று நிறுத்திக்கொள்ளலாம். மேல் படியில் இருப்பவர்களுக்கு அது வசதி. பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆனர், ராணா பிளாசாவுக்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் வாங்கும் நிறுவனங்கள் வங்கதேசத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்த விலை 13 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார். கட்டடத்தைப் பலப்படுத்து, கூலியை உயர்த்து, சட்டையை மலிவாகக் கொடு என்பதுதான் கோரிக்கை. பழைய எல்.சி.யும் தேய்ந்தது. பெரிய நிறுவனங்கள் பல, சரக்கு வந்த பிறகு பணம் தரும் முறைக்கு மாறின. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அதன் பொருள் விளங்கிற்று. சில வாரங்களில் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. துணி வாங்கி வெட்டித் தைத்தவையும் அவற்றில் இருந்தன. வங்கி உறுதி இல்லாததால் தொழிற்சாலைக்காரர் யாரிடமும் போய் நிற்க முடியவில்லை. சம்பளத்துக்காக அரசு 5,000 கோடி டாக்கா கடன் நிதி ஒதுக்க நேர்ந்தது.

மலிவு மட்டும் போதுமா

வங்கதேசத்தைப் பார்த்து எத்தியோப்பியா ஆசைப்பட்டது. ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா கட்டி, உலகிலேயே குறைந்த கூலி என்று விளம்பரம் செய்தது. 2019-இல் அங்கே தொடக்கச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எழுதியது. அந்தக் கூலியில் வாடகையும் சாப்பாடும் கட்டாது. பெண்கள் வந்த வேகத்தில் ஊர் திரும்பினார்கள். அதற்கு முன்பே கிறிஸ் பிளாட்மேன், ஸ்டெஃபான் டெர்கான் இருவரும் எத்தியோப்பியாவின் ஐந்து தொழில் நிறுவனங்களில் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கச் செய்து ஆராய்ந்திருந்தார்கள். வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே விலகினார். ஓராண்டுக்குள் 77 சதவீதம் பேர். வருமானம் கூடவில்லை, உடல்நலக் கோளாறுதான் கூடிற்று. பிறகு டிக்ரே பகுதியில் நடந்த உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி, 2022 ஜனவரியிலிருந்து எத்தியோப்பியாவுக்கான வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. போர் நடத்தியவர்களுக்கான தண்டனை தைத்தவர்கள் வயிற்றில் விழுந்தது.

வாசல் யார் கையில் இருக்கிறது என்பது இங்கே தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல், ஆயுதம் தவிர மற்ற எல்லாப் பொருளையும் மிகப் பின்தங்கிய நாடுகளிலிருந்து வரியில்லாமல் அனுமதிக்கிறது. வங்கதேசத்தின் வளர்ச்சியில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை என்று இரண்டு கட்டம் உள்நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும் என்று 2011 வரை இருந்த நிபந்தனைகூட, பின்னலாடைக்கு நல்லதாகவே முடிந்தது. நாராயண்கஞ்சில் பின்னல், சாய ஆலைகள் எழுந்தன. அவற்றுக்கு வேண்டிய நூலில் ஒரு பகுதி தமிழ்நாட்டு நூற்பாலைகளிலிருந்து போயிற்று. திருப்பூர்க்காரருக்கு இது இருமுனைக் கணக்கு. நூல் விற்பவருக்கு வங்கதேசம் வாடிக்கையாளர். பனியன் விற்பவருக்குப் போட்டியாளர். ஐரோப்பாவில் திருப்பூர் டி-சர்ட்டுக்கு நீண்டகாலம் 9.6 சதவீத வரி, நாராயண்கஞ்சு டி-சர்ட்டுக்குப் பூஜ்யம்.

அமெரிக்கா ஆடைக்கு அந்தச் சலுகையைத் தரவேயில்லை. வங்கதேச ஆடைக்குச் சராசரியாக 15 சதவீத அளவில் வரி வசூலித்து வந்தது. பிரிட்டனிலிருந்து பல மடங்கு மதிப்புள்ள சரக்கு வந்தபோதும், 2000-களின் நடுவில் இரு நாடுகளிடமும் வசூலான சுங்கத் தொகை ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தது. பணக்காரர் செய்யும் பொருளுக்கு வரி குறைவு, ஏழை தைக்கும் பொருளுக்கு அதிகம் என்று வரிப்பட்டியல் அமைந்திருப்பதே காரணம். ராணா பிளாசாவுக்குத் தண்டனையாக 2013 ஜூனில் அமெரிக்கா வங்கதேசத்தின் வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. அந்தப் பட்டியலில் ஆடை இருக்கவே இல்லை. 2025 ஆகஸ்டில் கூடுதலாக 20 சதவீதம் ஏற்றப்பட்டது.

வங்கதேசம் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. குறித்திருக்கும் நாள் 2026 நவம்பர் 24. ஐரோப்பியச் சலுகை அதன் பிறகு மூன்றாண்டு நீடிக்கும். அதற்கு மேல் இரண்டு கட்ட நிபந்தனை திரும்ப வரும். சீனத் துணியை வாங்கித் தைக்கும் சட்டை, பேன்ட் கம்பெனிகள் என்ன செய்யும் என்பதுதான் இப்போது டாக்காவின் கவலை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2011 முதல் இந்தியா வங்கதேச ஆடைகளை வரியில்லாமல் அனுமதித்து வந்தது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறிய பிறகு உறவு கசந்தது. 2025 ஏப்ரலில் இந்திய நூல் தரைவழியே வருவதை வங்கதேசம் தடுத்தது. மே 17 அன்று, வங்கதேச ஆயத்த ஆடைகள் எல்லைச் சாவடிகள் வழியாக வரக் கூடாது, கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா உத்தரவிட்டது. பெட்ராபோல் எல்லைச் சாவடி வழியே லாரியில் வந்துகொண்டிருந்த சரக்கு கப்பலில் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அந்தக் கூடுதல் செலவை டெல்லியும் ஏற்கவில்லை, டாக்காவும் ஏற்கவில்லை. அமெரிக்கா நம் பனியனுக்கு வரி போட்டால் அநியாயம் என்று எழுதும் நாம், இந்த உத்தரவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.